அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒரு மேசை

(மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில் நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

அரசு வேலை என்றவுடன் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம், மின்வாரியம். இன்று நாம் அதிகம் பேசாத ஓர் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது அரசு வழக்கறிஞர் அலுவலகம். அங்கி அணிந்து வாதாடுபவரைப் பற்றி அல்ல, அவருக்குப் பின்னால் மேசையில் அமர்ந்து கட்டுகளைக் கவனிக்கும் இளநிலை உதவியாளர், தட்டச்சர் ஆகியோரைப் பற்றி.

முதலில் ஒரு தெளிவு. அந்த அலுவலகம் போலீஸ் ஸ்டேஷனின் ஒரு பகுதி அல்ல. புலனாய்வு செய்வது போலீஸ். வழக்கை நீதிமன்றத்தில் நடத்துவது அரசு வழக்கறிஞர். இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று 1995-ல் ஒரு மகாராஷ்டிர வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. தமிழ்நாட்டில் இதற்கென்றே உள்துறையின் கீழ் குற்ற வழக்கு தொடர்வுத் துறை இருக்கிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று நம் மாவட்டத்தில் கோர்ட்டுகள் நடக்கின்றன. அடிதடி, திருட்டு, விபத்து, குடும்ப வன்முறை என்று எந்தக் குற்ற வழக்கு நடந்தாலும் அதன் காகிதங்கள் இந்த அலுவலகத்தின் கைக்கு வந்தாக வேண்டும்.

அந்த மேசையில் என்ன வேலை? போலீஸ் கொண்டுவரும் கட்டைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், டாக்டர் சான்று, மகஜர் எல்லாம் இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். அரசு வழக்கறிஞரின் கருத்துரையைத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். வாய்தா தேதியைக் குறித்து, எந்தச் சாட்சி என்றைக்கு வர வேண்டும் என்று பார்க்க வேண்டும். விடுதலைத் தீர்ப்பு வந்தால் நகல் வாங்கி, மேல்முறையீடு செய்யலாமா என்ற கருத்துரை காலக்கெடுவுக்குள் மேலே போகிறதா என்று கவனிக்க வேண்டும்.

இது வெறும் குமாஸ்தா வேலை என்று நினைக்காதீர்கள். கைதானவர் காவலில் இருக்கும்போது 60 நாட்களுக்குள், கடுமையான குற்றமானால் 90 நாட்களுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். தவறினால் ஜாமீன் கேட்பது அவருடைய உரிமையாகிவிடும். கட்டு ஒரு மேசையில் பத்து நாள் தூங்கினால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

மறுபக்கமும் உண்டு. பொய்யாகச் சேர்க்கப்பட்ட ஒரு பையனுக்கும் தன் மீதுள்ள ஆவணங்களின் நகல் கிடைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், எதிரி ஆஜரான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அதை இலவசமாகத் தரச் சொல்கிறது. இரண்டு பக்கம் விடுபட்டால் இன்னொரு வாய்தா. கூலி வேலை செய்பவருக்கு ஒரு வாய்தா என்பது ஒரு நாள் கூலியும் பஸ் காசும்.

நம் மலையில் இந்த வேலைக்குத் தனிச் சிரமங்கள் உண்டு. எஸ்டேட் லைன் வீட்டில் இருந்த சாட்சி அடுத்த வருடம் வேறு எஸ்டேட்டுக்குப் போயிருப்பார். இன்னொருவர் வயநாட்டுக்கே குடிபெயர்ந்திருப்பார். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் சம்மன் போய்ச் சேராது. கூடலூர் பக்கத்துச் சாட்சிக்கு மலையாளம்தான் சரளமாக வரும். அந்த மொழியும் இந்த ஊரும் தெரிந்த ஒருவர் மேசையில் இருந்தால் எத்தனை வாய்தாக்கள் மிச்சமாகும்!

நம் பெயர்கள் இன்னொரு சிக்கல். முதல் தகவல் அறிக்கையில் 'சாகுல்', ஆதாரில் 'ஷாஹுல் ஹமீது', ஆஸ்பத்திரிச் சீட்டில் 'எஸ்.ஹமீது'. மூவரும் ஒருவர்தானா என்று குறுக்கு விசாரணையில் கேள்வி வரும். முன்கூட்டியே அதைக் கண்டு எடுத்துச் சொல்பவர், கட்டை வரிவரியாகப் படிக்கும் ஊழியர்தான். ஆகவே குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: புகார் கொடுக்கும்போது ஆதாரில் உள்ளபடி பெயர், தகப்பனார் பெயர், நடப்பு விலாசம், செல்போன் எண் கொடுங்கள். வீடு மாறினால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள்.

இந்த வேலையில் மிகப் பெரிய சோதனை வாயைக் காப்பதுதான். போக்சோ சட்டம் 2012, பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. நம்முடையது சின்ன ஊர். மார்க்கெட்டில் ஒரு பெயர் வாய் தவறினால் மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். "கட்டுல என்ன எழுதியிருக்கு, நம்ம பையன்தானே நீ, சொல்லேன்" என்று மாமாவே கேட்பார். அப்போது மாமாவுக்கும் இல்லை என்று சொல்ல வேண்டும். அந்தக் கட்டு நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பிள்ளை அங்கே வேலைக்குப் போனால் வழக்குக்குச் சிபாரிசு பிடிக்கலாம் என்று பெற்றோர் யாரும் எண்ணினால், தயவுசெய்து அந்தப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

சேர்வது எப்படி? டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். 100 கேள்விகள் தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தட்டச்சர் பணிக்கு தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசுத் தட்டச்சுத் தேர்வு வேண்டும். ஒன்றிலாவது முதுநிலை இருக்க வேண்டும். 2007-லிருந்து பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். துறையைக் கலந்தாய்வில் மதிப்பெண் வரிசைப்படி தேர்வு செய்வீர்கள். திரையில் குற்ற வழக்கு தொடர்வுத் துறை என்று வந்தால், தெரியாத துறை என்று தாண்டிப் போகாதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வன்முறைக்கு ஆளான ஒரு பெண் அந்த அலுவலகத்துக்குள் வரும்போது, உள்ளே ஒரு பெண் முகம் இருந்தால் அவளுக்குத் தைரியம் வரும். தட்டச்சு முடித்துவிட்டுச் சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.

அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம் நிரப்ப டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள், உதவக் காத்திருக்கிறோம். ஆதார், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள். அந்த மேசையில் செய்யப்போகும் வேலைக்கு அதுவே முதல் பயிற்சி.