மூளைக்குப் பாயும் இரத்தமும் பாரிச வாயுவும்

(புளியந்தோப்பில் கூடிய ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் கூடியிருக்கும் இப் புளியந்தோப்பு உழைப்பாளிகள் நிறைந்த பகுதியாகும். பின்னி ஆலை என்று மக்கள் வழங்கிய பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை, 1996-ஆம் ஆண்டில் மூடப்படும் வரையில், இவ்வட்டாரத்தில் எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆலையாயினும் வயலாயினும் உழைக்கும் கையே குடும்பத்தின் மூலதனம். அக்கை ஒரு நாள் திடீரென்று தூக்க இயலாமல் தொங்கிவிடுமானால், வீடே விழுந்துவிடுகிறது. பாரிச வாயு என்றும் பக்கவாதம் என்றும் நாம் கூறும் அந்நோய் எவ்வாறு வருகிறது, அதற்கு நாம் செய்யத்தக்கது யாது என்பதே இன்றைய பேச்சு.

மூளையின் எடை சுமார் 1,400 கிராம். உடலின் எடையில் 100-க்கு 2 பங்கே ஆகும். ஆயினும் உடல் கொள்ளும் பிராணவாயுவில் 100-க்கு 20 பங்கை அதுவே பெற்றுக்கொள்கிறது. நிமிஷம் ஒன்றுக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் இரத்தம் அதற்குப் பாய்கிறது. நாம் நெல்லைக் குதிரில் சேமித்து வைப்பதுபோல் மூளை எதையும் சேமித்து வைப்பதில்லை. இரத்த ஓட்டம் முற்றும் நின்றால் 10 விநாடிக்குள் நினைவு தப்பும். நாலைந்து நிமிஷங்களில் மீளாத கேடு தொடங்கும்.

இவ்வளவு இரத்தமும் 4 வாய்க்கால்கள் வழியே செல்கிறது. கழுத்தின் முன்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக 2 பெரிய குழாய்கள் உள்ளன. விரல் வைத்தால் அவற்றின் துடிப்பை உணரலாம். மற்ற 2 குழாய்கள் பின்புறத்தில் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக ஏறுகின்றன. இவை மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. இவ்வளையத்தின் பயனை 1664-இல் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் தாமஸ் வில்லிஸ் விளக்கினார். ஒரு வாய்க்காலில் நீர் குறைந்தால் இணைப்புக்கால் வழியாக மற்றொன்றின் நீரைத் திருப்புகிறோம் அல்லவா? அவ்வேலையையே இவ்வளையமும் செய்கிறது. ஆனால் வளையத்தைக் கடந்து செல்லும் கிளைகளுக்கு இவ்வசதி மிகக் குறைவு. ஒரு கிளை அடைபட்டால், அது பாய்ந்த கடைமடை காய்ந்துபோகும்.

நோய் இருவகையில் வரும். பெரும்பாலோர்க்கு வருவது அடைப்பு. குழாயின் உட்புறத்தில் வண்டல்போல் கொழுப்புப் படிந்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை மூடும். அன்றி, ஒழுங்கின்றித் துடிக்கும் இருதயத்தில் உண்டான உறைகட்டி மிதந்து வந்து அடைக்கும். இரண்டாவது வகை கரை உடைவது. இரத்த அழுத்தம் தாங்காமல் மெல்லிய குழாய் வெடித்து, இரத்தம் மூளைக்குள் பரவும். மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் ஆள்கின்றன. ஆதலின் இடப்புறத்தில் கேடு நேர்ந்தால் வலக்கையும் வலக்காலும் விழும்; பேச்சும் பெரும்பாலும் குழறும்.

அடைப்பு நேர்ந்த இடத்தின் நடுப்பகுதி விரைவில் மடிகிறது. சுற்றியுள்ள பகுதியோ அக்கம்பக்கத்திலிருந்து கசியும் இரத்தத்தால் சில மணி நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாடிய பயிருக்கு உரிய வேளையில் நீர் விட்டால் அது நிமிர்வதுபோல, இப்பகுதியையும் காப்பாற்றலாம். பெரிய குழாய் அடைபட்டவர்க்கு ஒவ்வொரு நிமிஷமும் சராசரி 19 இலட்சம் மூளையணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டுள்ளனர்.

உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசிமருந்து இன்று உண்டு. நோய் கண்ட நாலரை மணி நேரத்துக்குள் அதனைப் போட வேண்டும். ஆனால் குழாய் வெடித்தவருக்கு அம்மருந்தே எமனாகும். வெளித்தோற்றத்தில் இருவகையும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டைக் காட்டுவது ஸ்கேன் படம். 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி அவர்கள் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கியபோது உலகில் எங்குமே சி.டி. ஸ்கேன் இல்லை, 1971-இல்தான் முதல் நோயாளி அதனால் பரிசோதிக்கப்பட்டார். இன்றோ அது பல அரசு மருத்துவமனைகளில் உள்ளது. பெரிய குழாயில் அடைபட்ட கட்டியை, தொடையின் இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி எடுத்துவிடும் முறையும் வந்துள்ளது.

நோயை அறிவது கடினமன்று. சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். அவர் கடைசியாக நலமாயிருந்த நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் கூறுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விழுங்கும் சக்தி கெட்டிருக்கலாமாதலால் தண்ணீரோ, சோடாவோ, மாத்திரையோ வாயில் ஊற்றவும் இடவும் வேண்டா. சில நிமிஷங்களில் தானே சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குச் சென்றே தீர வேண்டும்; அது பெருவெள்ளத்துக்கு முன்வரும் எச்சரிக்கை.

எண்ணெய் தேய்ப்பதும், புறாவின் இரத்தத்தைத் தடவுவதும் பல ஊர்களில் வழக்கம். தோலின்மீது தடவியது மூளைக்குள் இருக்கும் அடைப்பை எட்டுமா? அதற்குள் நாலரை மணி நேரம் ஓடிவிடுகிறது. இப் புளியந்தோப்பிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனையும் சென்னை அரசுப் பொது மருத்துவமனையும் சில கிலோமீட்டர் தொலைவே. எனினும் நள்ளிரவில் கை விழுந்தவர் விடியட்டும் என்று காத்திருந்தால், அருகிலிருந்தும் பயனில்லை. 60 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சிற்றூரிலிருந்து உடனே புறப்பட்டவர் அவரை முந்திவிடுவார். தொலைவைக் காட்டிலும் தாமதமே நமக்குப் பெரும் பகை.

வருமுன் காப்பது அதனினும் மேல். இரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் நிலைத்திருந்தால் ஆபத்து. அது வலியின்றி வளர்வதால், அளந்து பார்த்தாலன்றித் தெரியாது. மருத்துவர் கூறாமல் மாத்திரையை நிறுத்தலாகாது. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மேற்படாமலிருக்க ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறைக்க வேண்டும். பீடியையும் புகையிலையையும் மதுவையும் விலக்க வேண்டும். நீரிழிவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களே! கிராம சபை கூடும்போது மூன்று காரியங்களை முடிவு செய்வோம். இரவும் பகலும் ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனை நம் ஊருக்கு அருகில் எது என்று விசாரித்துப் பலகையில் எழுதி வைப்போம். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் நள்ளிரவிலும் புறப்படத்தக்க வண்டி ஒன்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்வோம். 30 வயது கடந்த ஒவ்வொருவருக்கும் இரத்த அழுத்தம் அளக்கப்பட்டதா என்று வீடுவீடாகக் கேட்போம். மதகைத் திறக்க வேண்டிய வேளையில் திறப்பவனே நல்ல நீர்க்கட்டி. அவ்விழிப்பு நம் ஊர்தோறும் உண்டாகுக.