போர்டு பார்த்தால் போதாது, பதிவெண்ணையும் பாருங்கள்

(கல்லூரி மாணவர்களும் பெற்றோர்களும் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவுன்சிலிங் என்று சொன்னால் நம்ம ஊரில் முதலில் ஞாபகத்துக்கு வருவது இன்ஜினியரிங் சீட்டுதான். நான் பேச வந்தது அந்தக் கவுன்சிலிங் இல்லை. மனசு சரியில்லாதபோது ஒருவரிடம் போய் உட்கார்ந்து பேசுகிறோமே, அது. அப்படிப் போய் உட்காருவதற்கு முன்னால், எதிரே இருப்பவர் யார் என்று எப்படிச் சரிபார்ப்பது? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

என் சித்தி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சித்தி பையன் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நல்ல முன்னேற்றம். "வாழ்நாள் பூரா மாத்திரையா? ஒரு கவுன்சிலர் இருக்கார், பேசியே சரி பண்ணிடுவார்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். சித்தி கூட்டிக்கொண்டு போனார். வாசலில் பெரிய போர்டு. பேருக்கு முன்னால் டாக்டர். கீழே 'அரசு பதிவு பெற்றது'. உள்ளே சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். பத்து சிட்டிங்குக்கு 15,000 ரூபாய் முன்பணம். மூன்றாவது சிட்டிங்கிலேயே மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அடுத்த சில வாரங்களில் ஒரு நாள் நள்ளிரவு, பையனை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

இப்போது நன்றாக இருக்கிறான். பழைய மருத்துவரிடமே திரும்பப் போகிறான்.

அதற்குப் பிறகுதான் சித்தி அந்த போர்டின் போட்டோவை எனக்கு அனுப்பி, "நீதான் இதெல்லாம் எழுதுற ஆளாச்சே, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்றார். பார்த்தேன். 'அரசு பதிவு' என்பது அந்த அறக்கட்டளையைப் பதிவு செய்த எண். சான்றிதழ், மூன்று மாத ஆன்லைன் டிப்ளமோ. டாக்டர் பட்டம், ஏதோ ஓர் அமைப்பு கொடுத்த கௌரவப் பட்டம். எதுவுமே பொய் இல்லை. ஆனால் எதுவும் சிகிச்சைக்கான தகுதியும் இல்லை.

இதிலிருந்து ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. டிரஸ்ட், சொசைட்டி, சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு, ஐ.எஸ்.ஓ. சான்று, இவையெல்லாம் நிறுவனத்தைப் பற்றியவை. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும் என்று அவை சொல்லாது. ஆகவே, 'பதிவு பெற்றவர்' என்று யாராவது சொன்னால் உடனே கேளுங்கள்: எதற்கான பதிவு? யார் கொடுத்தது? எண் என்ன?

யார் யார்?

முதலாவது, மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட். எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். மருந்து எழுதுவதும், அதைக் குறைப்பதும் நிறுத்துவதும் இவருடைய வேலை. இவருடைய பதிவெண் மருந்துச் சீட்டிலேயே இருக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு இருக்கிறது. அதில் பேரையோ எண்ணையோ போட்டுத் தேடலாம்.

இரண்டாவது, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மருந்து எழுத மாட்டார். உளவியல் பரிசோதனைகள் செய்வார், உளவியல் சிகிச்சை அளிப்பார். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், இவர் கட்டாயம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவெண்ணை சி.ஆர்.ஆர். எண் என்பார்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். அப்படித் தேடும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பேர் பொருந்துகிறதா? பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா? எந்தப் பிரிவில் பதிவு? ஏனென்றால் சிறப்பாசிரியர்களுக்கும் பேச்சுப் பயிற்சியாளர்களுக்கும்கூட ஆர்.சி.ஐ. பதிவு உண்டு. எண் உண்மையாகவே இருக்கலாம், பிரிவு வேறாக இருக்கலாம். பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது.

மூன்றாவது, ஆற்றுப்படுத்துநர், அதாவது கவுன்சிலர். சிக்கல் இங்கேதான். 'கவுன்சிலர்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு வைத்துக்கொள்ளும் நிலைதான் பல காலமாக இருந்து வந்தது. 2021-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். உளவியலாளர்கள், பலவகை ஆலோசகர்கள், மருத்துவ சமூகப் பணியாளர்கள் எல்லோரும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். மாநில கவுன்சில்களும் பதிவேடுகளும் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆனாலும், கவுன்சிலர் என்று சொல்லிக்கொள்ளும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பதிவேட்டில் இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். அதனால் நேரடியாகக் கேட்பதுதான் வழி. எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன படித்தீர்கள்? உளவியலில் முதுகலையா, எம்.எஸ்.டபிள்யூ.வா? யாருடைய மேற்பார்வையில், எத்தனை மாதம் பயிற்சி எடுத்தீர்கள்? உங்களால் முடியாத கேஸ் வந்தால் யாரிடம் அனுப்புவீர்கள்?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். நல்ல ஆற்றுப்படுத்துநருக்குத் தன் எல்லை தெரியும். "என்னாலேயே எல்லாம் சரியாகும்" என்பவரும், "மாத்திரையை நிறுத்துங்கள்" என்பவரும், இத்தனை நாளில் குணம் என்று உத்தரவாதம் தருபவரும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டவர்கள். எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. உள்நோயாளியாகத் தங்க வைக்கும் மனநல மையமாகவோ குடிபோதை மறுவாழ்வு மையமாகவோ இருந்தால், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

படிக்கப் போகிறீர்களா?

இங்கே இருக்கும் மாணவர்களுக்குக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். சித்தி பார்த்த அந்தக் கவுன்சிலரைப் பற்றிப் பிறகு யோசித்துப் பார்த்தேன். அவரும் நம்பித்தான் பணம் கட்டிப் படித்திருக்கலாம். "இதைப் படித்தால் நாளைக்கே பிராக்டிஸ் செய்யலாம்" என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கலாம். அப்படியானால் முதலில் ஏமாந்தது அவர்தான். அந்த ஏமாற்றம் அவரோடு நிற்கவில்லை, எங்கள் வீடு வரை வந்துவிட்டது.

அதனால் பணம் கட்டும் முன் நான்கு சோதனை.

ஒன்று, பட்டம் கொடுப்பது யார்? சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகமோ நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ நாடாளுமன்றம் அதிகாரம் அளித்த நிறுவனமோதான் பட்டம் வழங்கலாம். யு.ஜி.சி. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்றவற்றின் பட்டியலும் இருக்கிறது, போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் இருக்கிறது. இரண்டையும் பாருங்கள்.

இரண்டு, எந்த முறையில் நடக்கிறது? 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்த யு.ஜி.சி. அனுமதி இல்லை. இனிமேல் "வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. சைக்காலஜி" என்று விளம்பரம் வந்தால் உஷாராகுங்கள்.

மூன்று, 'ஆர்.சி.ஐ. அங்கீகாரம்' என்று சொன்னால், அந்தக் கல்லூரியின் பேரோடு அந்தப் படிப்பின் பேரும் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? நீங்கள் சேரும் ஆண்டுக்கு அது செல்லுமா? ஒரே கல்லூரியில் ஒரு படிப்புக்கு அங்கீகாரம் இருக்கும், பக்கத்து வகுப்புக்கு இருக்காது. நாக் கிரேடும் அப்படித்தான், அது கல்லூரிக்குக் கொடுக்கும் மதிப்பீடு. 'சர்வதேச அங்கீகாரம்' என்றால், அங்கீகரித்தது அரசு அமைப்பா, சந்தா கட்டினால் உறுப்பினராக்கும் தனியார் சங்கமா என்று பாருங்கள்.

நான்கு, நேரடிப் பயிற்சி உண்டா? மனிதர்களோடு உட்கார்ந்து, மூத்தவர் ஒருவர் திருத்தக் கற்றுக்கொள்ளாமல் இந்த வேலை வராது. வீடியோவைப் பார்த்து நீச்சல் கற்ற கதையாகிவிடும்.

குறுகியகாலப் படிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓர் ஆசிரியரோ தன்னார்வலரோ காது கொடுத்துக் கேட்கும் பக்குவத்தை அதில் கற்கலாம். அதை வைத்துக்கொண்டு சிகிச்சை தர உட்காரக் கூடாது. அவ்வளவுதான்.

செல்போனில் சரிபார்க்கும்போது, அவர்கள் அனுப்பும் லிங்க்கையோ க்யூ.ஆர். கோடையோ நம்பிப் போகாதீர்கள். இணையதளத்தை நீங்களே தேடித் திறங்கள். போலிச் சான்றிதழ் அடிப்பவருக்குப் போலிப் பக்கம் தயாரிப்பது பெரிய காரியமில்லை. பணம் கட்டி ஏமாந்திருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசுங்கள். ஆன்லைன் பண மோசடி என்றால் தாமதிக்காமல் 1930.

சரிபார்ப்பது நல்லது. ஆனால் அவசர நேரத்தில் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், உடனே 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கோ 104-க்கோ அழையுங்கள். டெலி மனஸில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

"இப்படியெல்லாம் கேட்டால் கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்று சித்தி என்னிடம் கேட்டார். கடையில் தாலிக்கொடி வாங்கும்போது ஹால்மார்க் கேட்கிறோம், யாரும் கோவிச்சுக்குவதில்லை. முறையாகப் படித்தவர் எண்ணைக் கேட்டதும் சொல்லிவிடுவார். கோபம் வந்தால், அதுவே உங்களுக்குக் கிடைத்த பதில்.

போன வாரம் சித்தி போன் செய்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கவுன்சிலர் தேவையாம். "பதிவு எண் வாங்கிட்டேன், எந்தப் பிரிவுன்னு எங்கே பார்க்கிறது?" என்று கேட்டார்.

நீங்களும் அதையே கேளுங்கள்.