பாட்டுக்கு மேலட்டை எதற்கு?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் சிங்கப்பூர் அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஜொகூர் பாலத்தைத் தாண்டி வந்திருக்கிறேன். சிங்கப்பூரில் தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்துகளில், முப்பது வருஷத்துக்கு மேல் அச்சுத் தொழிலோடு வாழ்ந்தவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், ஒலிநாடா அட்டை, குறுந்தட்டு அட்டை என்று கைக்கு வந்ததையெல்லாம் வடிவமைத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் தலைமையாசிரியர் என்னைப் பிடித்தார். இந்தப் பள்ளிப் பிள்ளைகள் தோட்டத்துப் பாட்டிமாரிடம் கேட்டு எழுதிய தாலாட்டு, கும்மி, பால்மரத்துப் பாட்டு எல்லாவற்றையும் பாடிப் பதிவு செய்து ஒரு தொகுப்பாக வெளியிடப் போகிறார்களாம். அட்டை எப்படிப் போடுவது, பத்திரிகையில் விளம்பரம் எப்படிக் கொடுப்பது என்று வந்து சொல்லுங்கள் என்றார். நல்ல காரியம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெரியவர்கள் சிலர், "பாட்டு காதுக்குத்தானே ஐயா, அதுக்கு எதுக்கு அட்டையும் படமும்?" என்று நினைக்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேடினால் 1902-க்குப் போகவேண்டும். அந்த வருஷம் நவம்பர் மாதம் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். பாடி முடித்ததும், தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்தார். ஏன் தெரியுமா? தட்டு அச்சாவது ஜெர்மனியில், ஹனோவர் நகரத்தில். அங்கே வேலை செய்தவர்களுக்கு நம் மொழியும் தெரியாது, பாட்டும் புரியாது. நடுவிலே ஒட்டும் வட்டச் சீட்டில் யார் பெயரைப் போடுவது? அதற்காகப் பாடியவரே தட்டுக்குள்ளிருந்து தம் பெயரைச் சொல்லவேண்டியிருந்தது. மேலட்டையின் முதல் வேலை அலங்காரம் செய்வதல்ல, யார் பாடியது என்று சொல்வது.

அடுத்த வருஷமே, 1903-ல், அதே கம்பெனிக்காரர்கள் சிங்கப்பூருக்கும் வந்து பாட்டுப் பதிவு செய்தார்கள். தட்டு வந்துவிட்டது. ஆனால் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு எழுத்து தெரியும்? அதனால் படம் பேச வேண்டியிருந்தது. ஊதுகுழல் முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாய்ப் படத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிரான்சிஸ் பராட் என்ற ஓவியர் தம் அண்ணன் வளர்த்த நாயை வைத்து வரைந்த படம் அது. முதலில் வேறொரு கம்பெனியின் உருளை இயந்திரத்தைத்தான் நாய்க்கு முன்னால் வைத்திருந்தார். கிராமபோன் கம்பெனி 1899-ல் படத்துக்கு ஐம்பது பவுன், உரிமைக்கு ஐம்பது பவுன் கொடுத்து, இயந்திரத்தை மட்டும் அழித்துத் தங்கள் பெட்டியை வரையச் சொல்லி வாங்கிக்கொண்டது. நாய் என்னவோ அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறது! நம் மலாயாவில் 1930-களில் மலாய்ப் பாட்டுத் தட்டுகள் சாப் கூச்சிங், சாப் சிங்கா என்று பூனை, சிங்க முத்திரைகளோடு வந்தன. கடைக்குப் போய் "பூனைச் சாப்பு கொடு" என்றால் போதும். இது விளம்பரக் கலையின் அரிச்சுவடி: படிக்கத் தெரியாதவரும் அடையாளம் சொல்லிக் கேட்கும்படி இருக்க வேண்டும்.

'ஆல்பம்' என்கிற சொல்லும் இப்படி வந்ததுதான். பழைய 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நாலு நிமிஷம்தான் பாட்டு. நீண்ட இசை என்றால் அஞ்சாறு தட்டு வேண்டும். அவற்றைக் குடும்பப் படங்களை ஒட்டி வைக்கும் ஆல்பம் மாதிரி அட்டை கட்டிச் சேர்த்து விற்றார்கள். பெரும்பாலும் வெறும் அட்டை, முதுகில் எழுத்து, அவ்வளவுதான். அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர்தான் அந்த அட்டையில் வண்ணப்படம் தீட்டலாம் என்று சொல்லி, 1940-ல் செய்தும் காட்டினார். 1948-ல் நெடுந்தட்டு வந்தபின் பன்னிரண்டு அங்குலச் சதுர அட்டை உலகம் முழுக்கப் பரவியது. பின்பக்கம் முழுக்க விவரம். பாட்டுக்காரர், கவிஞர், வாத்தியக்காரர் என்று படித்து மகிழ இடம் இருந்தது.

நம் தமிழருக்கு இதில் ஒரு தனிவழி உண்டு. சினிமாக் கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகம்! சாணித்தாளில் அச்சான எட்டு, பத்துப் பக்கம். கதையைப் பாதி சொல்லி, நெருக்கடியான இடத்தில் நிறுத்தி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிப்பார்கள். இதைவிடக் கெட்டிக்கார விளம்பரத்தை நான் கண்டதில்லை. அந்தப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடாமல் சேர்த்து வைத்தவர் யார் தெரியுமா? காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா. நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் 1992-ல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேமிப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. பலகை எழுதியவருக்கு அச்சின் அருமை தெரிந்திருந்தது.

இப்போது விஷயத்தின் நெஞ்சுக்கு வருகிறேன். 1949-ல் 'மகால்' என்ற இந்திப் படம் வந்தது. அதில் ஒரு பாட்டு நாடெங்கும் பரவியது. தட்டில் போட்டிருந்த பெயர் காமினி. அப்படி ஒரு பாடகியே கிடையாது. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர்! பாடியவர் யார் என்று ரசிகர்கள் வானொலி நிலையத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்ட பிறகே, லதா மங்கேஷ்கர் என்று தெரியவந்தது. ஊர் கேட்டதால் அவர் பெயர் வெளியே வந்தது. ஊர் கேட்காமல் போன பெயர்கள் எத்தனையோ.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒலிநாடாக் காலம். தேக்காவில் கடைக்குக் கடை பாட்டு அலறும். தெருவில் நடந்தாலே நாலு படப் பாட்டு கேட்டுவிடலாம். உள்ளூர்க்காரர் ஒருவர் பக்திப் பாட்டு நாடா வெளியிட்டார். அட்டை அவர் கொண்டுவந்த எழுத்துப்படி அச்சாகி, ஆயிரம் பிரதி மடித்து வைத்தாயிற்று. மாலையில் கவிஞர் வந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழ்த்துச் சொன்னவர் பெயர் இருந்தது, கடை விலாசம் இருந்தது, பாட்டு எழுதினவர் பெயர் இல்லை. வெளியிட்டவர், "அடுத்த பதிப்பிலே போட்டுக்கலாம்ணே" என்றார். கவிஞர் சண்டை போடவில்லை. ஒரு நாடாவைக் காசு கொடுத்து வாங்கினார். என் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, அட்டையின் உள்பக்கம் தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டு போய்விட்டார். அடுத்த பதிப்பு வரவே இல்லை.

பெயரும் வருஷமும் அச்சில் இருப்பது வெறும் மரியாதைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வழக்கு வந்தால் அதுவே சாட்சி. சிங்கப்பூரில் 1986-ல் 'கவுண்ட் ஆன் மீ சிங்கப்பூர்' என்ற பாட்டு வந்தது. எழுதியவர் ஹியூ ஹாரிசன். 2021 மார்ச்சில் பார்த்தால், நாட்டின் பெயரை மட்டும் மாற்றி, அதே மெட்டில், ஏறக்குறைய அதே சொற்களில் இந்தியாவில் பாடிக்கொண்டிருக்கிறார்கள்! மும்பையில் ஓர் இசையமைப்பாளர், இதை நான் 1983-லேயே போட்டேன் என்றார். ஆதாரம் கேட்டால், 2005 மும்பை வெள்ளத்தில் நாடாக்கள் போய்விட்டன என்றார். பிறகு தம் உரிமைக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சிங்கப்பூர்ப் பக்கத்தில் எழுதியவர் யார், எந்த வருஷம் என்பதெல்லாம் பதிவில் இருந்தது. இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

நம் பாட்டு ஒன்றும் உண்டு. 'முன்னேறு வாலிபா'. எஸ். ஜேசுதாசன் 1967-ல் அமைத்தது. சிங்கப்பூரில் சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் அந்தத் தமிழ்ப் பாட்டை வாயாரப் பாடுகிறார்கள். கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். யார் போட்ட பாட்டு என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். நம் பிள்ளைகளும் விழிக்கத்தான் செய்கிறார்கள்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பைப் பொதுவில் பயன்படுத்தினால் படைத்தவர் பெயரையும் நிகழ்த்தியவர் பெயரையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது. அது எங்கள் பக்கத்துச் சட்டம். உங்கள் தொகுப்புக்கு நீங்களாகவே அதை எடுத்துக்கொண்டால் யாரும் தடுக்கப் போவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். நீங்கள் போடப்போவது குறுந்தட்டும், கைப்பேசியில் கேட்கும் பதிப்பும். குறுந்தட்டின் முன்னட்டை பன்னிரண்டு சென்டிமீட்டர் சதுரம்தான். கைப்பேசியிலோ கட்டைவிரல் நகத்தளவு. அதனால் முன்னட்டையில் ஒரு படம், ஒரு பெயர், அதற்குமேல் வேண்டாம். எந்தப் படம்? பால்வாளியோ, தொட்டிலோ, பாட்டியின் கையோ, பார்த்த உடனே இந்தத் தோட்டம் என்று தெரியட்டும். தலைவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, சிரித்துக்கொண்டே சொல்கிறேன்: வாழ்த்துரை வழங்கிய பெருமக்களின் மாலை போட்ட படம் முன்னட்டைக்கு வேண்டாம். பாடிய பிள்ளை கடுகளவும் வாழ்த்தியவர் பூசணியளவும் இருக்கும் அட்டைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

நம் எழுத்து சுழி உள்ள எழுத்து. ண, ன, ணை, ளை எல்லாம் சின்னதாகப் போட்டால் மை அடைத்துக்கொள்ளும். எட்டுப் புள்ளிக்குக் கீழே போகாதீர்கள். கறுப்புப் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்து அச்சுக்காரன் உயிரை வாங்கும். படிப்பவர் உயிரையும் வாங்கும். ஓரத்தில் வெட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். முதுகுப்பட்டை ஆறரை மில்லிமீட்டர் அகலம்தான், ஆனால் அலமாரியில் அடுக்கினால் அது ஒன்றுதான் வெளியே தெரியும். தொகுப்பின் பெயரை அங்கே போட மறக்க வேண்டாம். அச்சுக்குக் கொடுக்குமுன் பிழை திருத்தும் பொறுப்பைத் தமிழாசிரியர் ஒருவரும் ஆறாம் ஆண்டு மாணவர் இருவரும் ஏற்கட்டும். ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் பார்க்கட்டும். கண் தாண்டிப்போகும் ஒற்றுப்பிழையை வாய் பிடித்துவிடும். பள்ளிக்கூடம் வெளியிடும் அட்டையில் ஒற்றுப்பிழை இருந்தால் ஊர் சிரிக்காதா?

விளம்பரத்துக்குப் பணம் கொஞ்சம்தான் இருக்கும், தெரியும். 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-ல் நின்றுபோனது நமக்கெல்லாம் இழப்புதான். இருந்தாலும் இங்கே வேறு தமிழ் நாளேடுகள் உண்டு. அங்கே 1935-ல் வந்த தமிழ் முரசு இன்றும் வருகிறது. தீபாவளி வாரத்தில் மட்டும் விளம்பரம் கொடுக்காதீர்கள். புடைவைக் கடையும் நகைக் கடையும் முழுப் பக்கம் எடுக்கும் நேரத்தில் உங்கள் நாலு அங்குலப் பெட்டி யார் கண்ணில் படும்? பொங்கலை ஒட்டிப் போடுங்கள். இல்லையென்றால் ஏப்ரலில், சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா நடக்கும் மாதத்தில் போடுங்கள். ஒரே நாளில் பெரிதாக ஒன்று போட்டுக் காசைத் தீர்ப்பதைவிட, சின்னதாக மூன்று வாரம், ஒரே கிழமையில், ஒரே படத்தோடு வரட்டும். மூன்றாவது வாரம்தான் ஆள் நின்று பார்ப்பான். என்ன பாட்டு, யார் பாடியது, எங்கே கிடைக்கும், என்ன விலை, இவ்வளவு சொன்னால் போதும். "உலகமே வியக்கும் ஒப்பற்ற படைப்பு" என்றெல்லாம் வேண்டாம். உலகம் வியக்கிறதா இல்லையா என்று கேட்டுவிட்டுச் சொல்லும். அதைவிட, அந்தப் பாட்டுப் புத்தகக்காரர் செய்த மாதிரி, ஒரு தாலாட்டின் முதல் இரண்டு அடியைப் போட்டு, மீதியைத் தட்டில் கேட்கச் சொல்லுங்கள்.

பின்னட்டையும் உள்தாளும் முழுக்கப் பெயர்களுக்கு. பாடிய பிள்ளைகள், சொல்லிக்கொடுத்த ஆசிரியர், உறுமியும் தபேலாவும் வாசித்தவர், பதிவு செய்த தம்பி. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பாட்டிமார். அவர்கள் சம்மதம் கேளுங்கள். "எம்பேரு எதுக்குய்யா, பாட்டு இருந்தா போதாதா"ன்னு கட்டாயம் சொல்லுவாங்க. விடாதீங்க. பெயர், யாரிடம் கேட்டுப் படித்தார், எந்தத் தோட்டத்தில் பால்வெட்டினார், எந்த வருஷம் பதிவு செய்தது, எல்லாவற்றையும் எழுதி, அவர்களிடமே வாசித்துக் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். இந்தத் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயம் பாதி காலியாகிவிட்டது என்று வரும் வழியில் சொன்னார்கள். பால்மரத்துப் பாட்டு எந்த மரத்தடியில் பிறந்தது என்று சொல்ல அந்த உள்தாள்தான் இருக்கப்போகிறது. கைப்பேசிப் பதிப்பில் உள்தாள் கிடையாது. அங்கே பாட்டோடு சேர்த்து நிரப்பும் விவரக் கட்டங்களில் எழுதியவர் என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள். கர்ணபரம்பரைப் பாட்டு என்று போட்டு, பாடிக்கொடுத்தவர் பெயரையும் கூடவே போடுங்கள்.

அச்சானதும் இரண்டு பிரதியைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். ஒன்றைத் தேசிய நூலகத்துக்கு அனுப்புங்கள். ஒன்று ஒவ்வொரு பாட்டி வீட்டுக்கும் போகவேண்டும், இலவசமாக. எனக்கும் ஒன்று வேண்டும், ஆனால் நான் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

பிள்ளைகள் பரிசு மேசையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வணக்கம்.