அமீரை இறக்கிய சபையும் வாக்கில்லாத நாமும்



"வளைகுடா முழுக்க மன்னராட்சிதானே, அங்கே ஏது நாடாளுமன்றம்?" என்று நம்ம ஆட்களே கேட்கிறாங்க. அவங்களுக்கு நான் சொல்றது, குவைத்தைப் பாருங்க என்பதுதான்.

2006 ஜனவரி 15 அன்று அமீர் ஷேக் ஜாபர் இறந்தார். பட்டத்து இளவரசர் ஷேக் சாத் அமீர் ஆனார். ஆனால் அவர் கடும் நோயாளி. சபையில் உறுதிமொழியை வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்பதே சந்தேகம். அரச குடும்பத்துக்குள் இழுபறி. ஜனவரி 24 அன்று தேசிய சபை கூடியது, வாக்கெடுத்தது, அவரை நீக்கியது. விலகல் கடிதம் வந்து சேர்வதற்குள் வாக்கெடுப்பே முடிந்துவிட்டது. 29-ஆம் தேதி ஷேக் சபா அமீரானார்.

இது குற்ற விசாரணை இல்லை, உடல்நிலையைக் காட்டிச் செய்த நீக்கம். அடுத்து வந்தவரும் அதே குடும்பம்தான். இதைப் புரட்சி என்று கொண்டாட நான் வரலை. ஆனா இலங்கையை நினைச்சுப் பாருங்க. மக்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி பிரேமதாசா மீது 1991-ல் கொண்டுவந்த குற்றப்பிரேரணை, விசாரணைக்கே வராமல் சபாநாயகரோடு முடிஞ்சுபோச்சு. குவைத்தில் அரியணை விவகாரமே வாக்குக்கு வந்தது.

சரி, அது யாருடைய சபை? பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 2005-ல்தான். நாட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளிநாட்டவர். அவர்களுக்கு வாக்கே இல்லை. நானும் பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். அங்கே வாக்குச்சீட்டைக் கையில் தொட்டதில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கு 2015-ல் சட்டம் போட்டது இதே சபை. 2020-ல் வெளிநாட்டவரைக் குறைக்கச் சட்டம் போட்டதும் இதே சபை. அது நமக்குத் தோழன் இல்லை. ஆனாலும் அமைச்சரை நிற்கவைத்துக் கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது. 'இஸ்திஜ்வாப்' என்பார்கள்.

2024 மே 10 அன்று அமீர் அந்தச் சபையைக் கலைத்தார். அரசியல் சட்டத்தின் சில பிரிவுகளை நான்கு ஆண்டு வரை நிறுத்திவைத்தார். ஒரு மாதம் கழித்து, ஜூன் 12 அன்று, மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தது. செத்தவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். கைதுகள் நடந்தன. அமைச்சரைக் கேட்க மட்டும் சபை இல்லை.

அதனால் தோழர்களே, உங்களில் யாருக்கு எந்த நாட்டில் வாக்கு இருக்கிறதோ, அங்கே உங்க பிரதிநிதியைக் கேளுங்க: வளைகுடாத் தொழிலாளி தூங்குற இடத்தைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டீங்க? அந்தக் கேள்வியை அங்கே இருக்கிறவங்க கேட்க முடியாது. நாம கேட்கலாம்.