பிளஸ் டூ வரைக்கும் ஊர் பொறுப்பு



நம் கழுகுமலைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் வெட்டுவான் கோயிலைப் பார்த்து மலைத்து நிற்கிறார்கள். சமணச் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் வெட்டியிருக்கும் பெயர்களை நின்று பார்க்கிறவர்கள் குறைவு. திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார், சங்கக் குரத்திகள் என்று அந்தப் பெயர்கள் போகின்றன. ஆயிரம் வருசத்துக்கு முன்னால் மாணாக்கர்களை வைத்துப் பாடம் சொன்ன பெண் துறவிகள் அவர்கள். பெண் ஆசிரியர்களின் பெயரைப் பாறையில் வெட்டி வைத்த ஊர் இது. அந்தப் பெருமையோடுதான் நான் இங்கே பேச வந்திருக்கிறேன்.

அதே வட்டாரத்தின் இன்னொரு கதையும் நமக்குத் தெரியும். மானாவாரிக் கரிசலில் ஒரு மழை பொய்த்தால் பருத்தியும் போச்சு, உளுந்தும் போச்சு. வீட்டில் அடுத்த வருமானம் எது? தீப்பெட்டி ஆபீஸ். விடியுமுன்னே வண்டி வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், இருட்டிய பிறகு இறக்கிவிட்ட காலத்தை இங்கே இருக்கிற தாய்மார்கள் பலர் அனுபவித்திருப்பீர்கள். அந்த வண்டியில் போனதில் பெண்பிள்ளைகளே அதிகம். அக்கா குச்சி அடுக்கிய கூலியில் தம்பி ஸ்கூலுக்குப் போனான். நம் மண்ணின் எழுத்தாளர் பூமணி அதைத்தான் ‘கருவேலம்பூக்கள்’ என்று படமாக எடுத்தார்.

அந்த வண்டி சும்மா நின்றுவிடவில்லை. சட்டம் வந்தது, தொழிலிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் வந்தன. அதற்கெல்லாம் முன்பே, 1956-ல், பக்கத்து எட்டயபுரத்தில் காமராசர் பள்ளிக்கூட மதிய உணவைத் தொடங்கிவைத்தார். அரசாங்கப் பணம் ஒரு பக்கம் இருக்க, ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த தானியமும் காய்கறியும் விறகும் அந்தச் சோற்றில் சேர்ந்திருந்தன. ஊரும் கைகொடுத்துத்தான் பிள்ளைகள் படித்தார்கள்.

தீப்பெட்டி வண்டி நின்ற இடத்துக்கு இப்போது நூற்பாலை ஏஜெண்டு வருகிறார். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு வருகிறார். மூன்று வருசம் ஆலை விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, அதில் மகளின் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்கிறார். அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயரே வைத்தார்கள். பெயர் மாறினாலும் பேச்சு மாறவில்லை. கடனில் இருக்கிற தகப்பனுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவரைக் குற்றவாளியாக்க எனக்கு மனசு வரவில்லை.

அரசாங்கமும் ஒரு காலத்தில் கல்யாணத்துக்குத்தான் பணம் கொடுத்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் வந்த திருமண உதவி, எட்டாம் வகுப்பு வரையாவது பெண்ணைப் படிக்க வைக்கட்டும் என்ற எண்ணத்தில் வந்தது. தேவதாசி முறையை எதிர்த்துக் கடைசிவரை போராடிய அந்த அம்மையாரின் பெயரிலேயே 2022 செப்டம்பர் 5 முதல் கல்லூரி மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்கே வருகிறது. அப்பா கையிலும் கொடுக்கவில்லை, மாப்பிள்ளை கையிலும் கொடுக்கவில்லை. இந்த மாற்றத்தை நான் மனதார வணங்குகிறேன்.

ஆனால் அந்த ஆயிரம் கல்லூரிக்குப் போன பிறகுதான் கிடைக்கும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இரண்டு வருசம் இருக்கிறதே! சைக்கிள் உண்டு, பஸ் பாஸ் உண்டு, சில பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் உண்டு. ஆனாலும் மகள் ஆலைக்குப் போயிருந்தால் மாதாமாதம் வந்திருக்கும் சம்பளத்தைத்தான் வீடு எண்ணிப் பார்க்கிறது. நம் பெண்பிள்ளைகளை நாம் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

இதற்கு ஒரு வழியைத் தூரத்து ஊர் ஒன்று காட்டுகிறது. கென்யாவில் மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களிடையே ககென்யா ந்தாயா என்று ஒரு பெண். ஐந்து வயதிலேயே அவருக்கு மாப்பிள்ளை நிச்சயமாகிவிட்டது. அதை மீறிப் படித்தார். கடைசியில் ஊரே பணம் திரட்டி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர், 2009-ல் சொந்த ஊரான எனூசாயெனில் பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளி திறந்தார். அங்கே இடம் வேண்டுமென்றால் பெற்றோர் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: மகளின் உறுப்பைச் சிதைக்கும் சடங்கு நடத்த மாட்டோம், சின்ன வயதில் கட்டிக்கொடுக்க மாட்டோம்.

நாமும் அப்படி ஒரு வாக்குக் கேட்போம். பிளஸ் டூ முடிகிறவரை மகளை ஆலைக்கு அனுப்புவதில்லை, பதினெட்டுக்கு முன் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை. பதிலுக்கு இந்த ஊர் அந்த வீட்டுக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கட்டும். வியாபாரிகள் கொடுக்கலாம், வெளியூரில் சம்பாதிக்கிற நம் பிள்ளைகள் கொடுக்கலாம், தீப்பெட்டித் தொழில் நடத்துகிறவர்களும் கொடுக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். பணத்தை மகளிர் குழு அக்காமார்கள் கையில் வையுங்கள். எந்த வீட்டில் கடன் நெருக்குகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலமே, ஏஜெண்டுக்கு முன்னால், நாம் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். தெருவுக்கு இரண்டு பேர் வேண்டும். மேடைக்கு இடதுபக்கம் மேஜையில் நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் தெருவின் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.