பனிநிலமும் பெயரறிவும்



புதுவைக் கடற்கரையின் மீனவர் காற்றை வெறுங்காற்று என்று சொல்லி அமைவதில்லை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனத் திசைக்கொரு பெயர் அவர்தம் நாவில் உண்டு. எந்தக் காற்றில் வலை இறக்கலாம், எந்தக் காற்றில் கரை திரும்ப வேண்டும் என்பதை அப்பெயர்களோடு சேர்த்தே சிறுவன் தந்தையிடம் கற்கிறான். பெயரறிவே அங்கு உயிர்க்காப்பு.

பனிக்கு அத்தகைய பெயர்வளம் தமிழில் வளரவில்லை. அது குறையன்று, நிலத்தின் இயல்பு. முன்பனி, பின்பனி என்று பெரும்பொழுது வகுத்த தமிழர்க்குப் பனி என்பது புல்நுனியில் தங்கும் நீர்த்துளி. இன்றோ அவ்வொரு சொல், வானிலிருந்து பஞ்சுபோல் உதிர்வதையும், பாறைபோல் இறுகிக் கிடப்பதையும், கண்ணை மறைக்கும் மூட்டத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. இம்மூன்றும் மூவகை இடர்கள்.

வடதுருவப் பகுதியில் இவ்விடர்களைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த இனுயிட் மக்கள் வாழ்கின்றனர். நார்வே நாட்டு அமுன்ட்சன், 1903 முதல் 1906 வரை மேற்கொண்ட பயணத்தில், அவர்களிடையே இரு குளிர்காலங்கள் தங்கித் தோலாடை அணியும் முறையை மாணவராகக் கற்றார். அவரே 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை முதலில் அடைந்து, தம் குழுவினருடன் மீண்டவர். 1912 ஜனவரியில் அங்குச் சென்ற ஸ்காட்டும் தோழர் நால்வரும் மீளவில்லை. தென்துருவக் கண்டத்திலோ ஆசிரியராக அமையக்கூடிய பழங்குடி எவருமில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவதே பயிற்சியின் பணி.

டாக்டர் காசிம் தலைமையில் சென்ற முதல் இந்தியக் குழு 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் கால் பதித்தது. இன்று இப்பயணங்களைக் கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் நடத்துகிறது. தெரிவு பெற்றோர் தில்லியில் மருத்துவச் சோதனை முடித்து, உத்தராகண்ட் மாநிலத்து ஔலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினரிடம் பயிற்சி பெறுகின்றனர்.

பனிப்போர்வைக்கடியில் பிளவுகள் மறைந்திருக்கும். ஆதலால் கோலால் குத்திப் பார்த்து அடியெடுத்து வைக்க வேண்டும். ஒருவர் வீழ்ந்தால் மற்றவர் தாங்குமாறு ஒரே கயிற்றில் பிணைந்து நடக்க வேண்டும். நிலமும் வானும் ஒரே வெண்மையாகி அடிவானம் மறையும்போது, நின்ற இடத்திலேயே நிற்பது அறிவுடைமை. குளிரால் விரல் மரத்துப்போனால் பனியைக் கொண்டு தேய்க்கலாகாது. உடல்வெப்பம் தாழத் தாழ நாக் குழறும், சிந்தை மங்கும். தாம் நலிவதைத் தாமே உணரார். அருகிருப்பவர்தாம் கண்டறிந்து காக்க வேண்டும். வீரத்தினும் தோழமை அங்கு முதன்மை பெறுகிறது.

பனி மட்டுமே பகையன்று. 1990 ஜனவரியில் ஒன்பதாம் இந்தியப் பயணக் குழுவைச் சேர்ந்த நால்வர், மலைப்பகுதிக் கள முகாமில் கார்பன் மோனாக்சைடு நச்சுக்காற்றால் உயிர்நீத்தனர். எரிபொருள் முற்றும் எரியாதபோது பிறக்கும் அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமுமில்லை. குளிருக்கு அஞ்சிக் காற்று நுழையும் வழியை அடைத்தால், காக்க வேண்டிய உறைவிடமே கொல்லும். கண்ணுக்குத் தெரியாத இடரை அறிவால் மட்டுமே காண இயலும். அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதை வள்ளுவர் அறிவுடைமையுள் வைத்ததன் பொருள் இங்கு விளங்கும்.

இக்கல்விக்கு வயதோ பாலோ தடையன்று. 1983-84 ஆம் ஆண்டுப் பயணத்தில் அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா எனும் இரு பெண் அறிவியலாளர் சென்றனர். இஸ்ரோவைச் சேர்ந்த மங்களா மணி, முன்னர்ப் பனிப்பொழிவையே கண்டிராதவர். ஐம்பத்தாறு வயதில் பயிற்சி பெற்றுச் சென்று, 2016-17 இல் பாரதி நிலையத்தில் ஓராண்டுக்கு மேல் பணியாற்றினார்.

தமிழுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. துருவப் பயணம் முடித்து மீளும் தமிழர் தம் பட்டறிவைத் தாய்மொழியில் எழுதிவைக்க வேண்டும். பனிப்பிளவு, வெண்மூட்டம், குளிர்ப்புண் போன்ற சொற்கள் அகராதி அறையில் மட்டும் பிறந்தால் போதா. கயிற்றில் பிணைந்து நடந்தவர் வாயிலிருந்தும் வர வேண்டும். அவற்றைத் தொகுத்துப் பேணும் பணியை இத்தகைய இலக்கிய மன்றங்கள் ஏற்கலாம்.

வாடையும் கொண்டலும் எவரோ ஒருவர் கடலில் பட்டறிந்து, கரையிலிருந்தோர்க்குச் சொல்லிய சொற்களே. அடுத்து ஔலிக்குச் செல்லவிருக்கும் தமிழ் இளைஞர்க்கும் அவ்வாறு சொல்ல ஒருவர் வேண்டும்.