டச்சுக்காரர்களின் போர்கள்: செலவு யார் கணக்கில்?

(சங்கத்தின் மாதாந்திர அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து, வாடகை அறையிலும் குடிசையிலும் காலம் தள்ளுகிற நமக்கு, எங்கோ இருக்கிற ஹாலந்து நாட்டின் போர்க் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். போர்களைப் பற்றி நாம் பள்ளியில் படித்ததெல்லாம் எந்த ராஜா, எந்த வருஷம், யார் வென்றார் என்பதோடு முடிந்துவிட்டது. போரின் லாபம் யாருக்குப் போனது, செலவை யார் கொடுத்தார்கள், அதை யார் தடுத்து நிறுத்தினார்கள் என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. இந்த மூன்று கேள்விக்கும் டச்சுக்காரர்களின் வரலாற்றில் பளிச்சென்று பதில் கிடைக்கிறது. நம் பழைய பாடப் புத்தகங்களில் ஒல்லாந்தர் என்று வருகிறார்களே, அவர்கள்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர்களும் ஒரு காலத்தில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள்தான். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப் அவர்களை ஆண்டான். மதத்தின் பெயரால் விசாரணை, தண்டனை. அவன் அனுப்பிய ஆல்பா பிரபு, விற்கிற பொருளுக்கெல்லாம் பத்தில் ஒரு பங்கு வரி கேட்டான். 1568இல் போர் மூண்டது. 1574இல் லைடன் நகரத்தை ஸ்பெயின் படை முற்றுகையிட்டபோது, பசியிலும் கொள்ளைநோயிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். கடைசியில் தங்கள் கரைகளைத் தாங்களே வெட்டிக் கடல் நீரை வயல்களுக்குள் விட்டு, அந்த வெள்ளத்திலேயே படகு செலுத்திப் போய் நகரத்தை மீட்டார்கள். 1581இல் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். மக்களுக்காகத்தான் மன்னன், மன்னனுக்காக மக்கள் இல்லை. கொடுங்கோலனானால் அவனை விலக்க மக்களுக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். பிரெஞ்சுப் புரட்சிக்கு 208 ஆண்டுகளுக்கு முன்னால் இதைச் சொன்னார்கள்! 1648 வரை, 80 ஆண்டுகள் போராடி விடுதலை பெற்றார்கள். அந்தப் போராட்டத்தை நாம் மதிக்கிறோம்.

ஆனால் அந்தப் போர் முடிவதற்கு முன்பே, அதே நாட்டின் பெரும் வியாபாரிகள் வேறொரு போரைத் தொடங்கிவிட்டார்கள். 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. கோட்டை கட்டலாம், படை வைக்கலாம், உடன்படிக்கை செய்யலாம், போர் தொடுக்கலாம் என்று அரசாங்கமே அதற்குச் சாசனம் எழுதிக் கொடுத்தது. சுமார் 64 லட்சம் கில்டர் மூலதனம் பொதுமக்களிடம் பங்காகத் திரட்டப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் பங்குப் பட்டியலில் பெரிய தனவந்தர்களோடு வீட்டு வேலை செய்த பெண்களின் பெயரும் இருக்கிறது. ஏழைப் பெண் சிறுகச் சிறுகச் சேர்த்த காசும் பீரங்கிக் குண்டாக மாறியது. தன் பணம் எங்கே போகிறது, யார் வீட்டை எரிக்கப் போகிறது என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? 1610இல் கம்பெனி கொடுத்த முதல் லாபப் பங்கு பணமாக வரவில்லை, ஜாதிபத்திரியாக வந்தது.

அந்த ஜாதிபத்திரி எங்கிருந்து வந்தது? பாண்டா தீவுகள் என்று இன்றைய இந்தோனேஷியாவில் சின்னஞ்சிறு தீவுக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே ஜாதிக்காய் விளைந்த இடம் அது ஒன்றுதான். எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்றது கம்பெனி. நல்ல விலை கொடுப்பவனுக்கு விற்போம் என்றார்கள் தீவு மக்கள். 1621இல் கம்பெனியின் தலைமை அதிகாரி யான் பீட்டர்சூன் கூன் படையோடு வந்து இறங்கினான். ஊர்ப் பெரியவர்கள் 44 பேரை ஜப்பானியக் கூலிப்படையினரைக் கொண்டு வெட்டிக் கொன்றான். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியால் செத்தார்கள், அடிமைகளாகக் கொண்டு போகப்பட்டார்கள், சிலர் தப்பி ஓடினார்கள். தோட்டங்களை வெள்ளைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, வேலைக்கு வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். இத்தனைக்கும், ஸ்பெயினை எதிர்த்துச் சொந்த நாட்டில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது! 1893இல் கூனுக்கு அவன் சொந்த ஊரான ஹோர்னில் சிலையும் வைத்தார்கள்.

இந்தக் கம்பெனிக்காகத் துப்பாக்கி தூக்கியவன் யார் என்று கேட்டால், அவனும் நம்மைப் போல ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவன்தான். ஜெர்மனியிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வேலை தேடி ஆம்ஸ்டர்டாமுக்கு வந்த ஏழைகளைத் தரகர்கள் பிடித்துக்கொண்டார்கள். சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, கடன் கணக்கு எழுதி, கப்பலில் ஏற்றிவிட்டு, அவன் வருங்காலச் சம்பளத்திலிருந்து அந்தக் கடனை வசூலித்துக்கொண்டார்கள். அந்த ஊர் மக்கள் இந்தத் தரகர்களுக்கு வைத்த பெயர் 'ஆத்மாவை விற்பவர்கள்'. கங்காணியை அறிந்த நமக்கு இது புதிய கதையா? சுமார் 200 ஆண்டுகளில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இப்படிக் கப்பல் ஏறினார்கள். பாதிக்கு மேல் திரும்பவே இல்லை.

நம் கரைக்கும் அவர்கள் வந்தார்கள். 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். 1658இல் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த ஆண்டே தஞ்சைச் சீமை பீஜப்பூர்ப் படைகளால் சூறையாடப்பட்டு, பஞ்சத்தில் விழுந்தது. 1659க்கும் 1661க்கும் இடையில் ஆயிரக்கணக்கான ஏழைத் தமிழர்கள் நாகப்பட்டினம் பகுதியிலிருந்து அடிமைகளாக விற்கப்பட்டு இலங்கைக்கும் மலாக்காவுக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். பத்தாவியா என்பது இன்றைய ஜாகர்த்தா. நெல் விளைந்த மண்ணிலிருந்து மனிதன் விலைக்குப் போனான். அதே டச்சுப் படை 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சரணடைந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இங்கிலாந்தோடு அவர்கள் நடத்திய கடற்போர்களை விரிவாகச் சொல்ல நேரமில்லை. ஒரே ஒரு சங்கதி. 1667இல் இரண்டு நாடுகளும் சமாதானம் பேசியபோது, பாண்டாவைச் சேர்ந்த ரன் என்கிற குட்டித் தீவு டச்சுக்காரர் வசம் நின்றது. அமெரிக்காவில் மன்ஹாட்டன், அதாவது இன்றைய நியூயார்க்கின் நடுப்பகுதி, ஆங்கிலேயர் வசம் நின்றது. அங்கே வாழ்ந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1799இல் கம்பெனி திவாலாகி மறைந்தது. சுரண்டல் மறையவில்லை, அரசாங்கமே முதலாளியாயிற்று. ஜாவாவில் 1825இல் இளவரசர் திபோநெகோரோ தலைமையில் மக்கள் எழுந்தார்கள். ஐந்து ஆண்டுப் போரில் சுமார் 2 லட்சம் ஜாவா மக்கள் மடிந்தார்கள். 1830இல் பேச்சுவார்த்தைக்கு அழைத்து, வந்த இடத்தில் அவரைக் கைது செய்தார்கள். அதே 1830இல் புதிய திட்டம் வந்தது: விவசாயி தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் சர்க்கார் சொல்கிற காப்பி, கரும்பு, அவுரி போட வேண்டும். நடைமுறையில் அதற்கு மேலும் பறித்தார்கள். அந்தப் பணத்தில் ஹாலந்தின் கடன் அடைந்தது, அங்கே ரயில் பாதை போட்டார்கள். 1873இல் சுமத்ராவின் ஆச்சே மீது போர் தொடுத்து, 30 ஆண்டுகளுக்கு மேல் இழுத்தார்கள். வயதாகிக் கண்பார்வை மங்கிய நிலையிலும் சுட் நியாக் தியென் என்ற பெண்மணி காட்டில் இருந்து போரை நடத்தினார் என்பதை நம் சகோதரிகள் கவனிக்க வேண்டும்.

இனி நம் தொழிலுக்கு நெருக்கமான இடத்துக்கு வருவோம். 1940 மே மாதம் ஹிட்லரின் படை ஐந்தே நாளில் ஹாலந்தைப் பணிய வைத்தது. அடுத்தவரை ஆண்டவர்கள் அடிமையானார்கள். 1941 பிப்ரவரியில் யூத மக்களைப் பிடித்துப் போனதைக் கண்டித்து ஆம்ஸ்டர்டாமில் டிராம் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனால் அதன் பிறகு 1942 முதல் 1944 வரை 1 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் ரயிலில் ஏற்றிக் கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். டச்சு ரயில்வே அதற்குப் பில் போட்டுக் காசு வாங்கியது. 1944 செப்டம்பர் 17இல் சுமார் 30,000 ரயில்வே தொழிலாளர் வேலையை விட்டு இறங்கினார்கள். வீரமான வேலைநிறுத்தம். பழிவாங்க ஜெர்மானியர் உணவுப் போக்குவரத்தைத் தடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்துப் பட்டினியில் சுமார் 20,000 பேர் செத்தார்கள். ஆனால் அந்த 1 லட்சம் பேரும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். நம்மில் பலர் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் இருக்கிறோம். வண்டியில் என்ன போகிறது, யாருக்காகப் போகிறது என்று தொழிலாளி கேட்க வேண்டும். காலத்தில் கேட்க வேண்டும். இது அந்த நாட்டு ரயில்வே தோழர்களின் வரலாறு நமக்குத் தருகிற பாடம்.

காலத்தில் கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் நம் நாட்டவர். 1945 ஆகஸ்ட் 17இல் சுகர்ணோவும் ஹட்டாவும் இந்தோனேஷிய விடுதலையை அறிவித்தார்கள். நேற்றுவரை ஜெர்மானியனின் பூட்ஸ் காலடியில் கிடந்த டச்சு அரசு, உடனே ஆயுதக் கப்பல்களைத் திரட்டியது. ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் நின்ற அந்தக் கப்பல்களில் சரக்கேற்ற அங்குள்ள தொழிலாளர் மறுத்தார்கள். இந்தோனேஷிய மாலுமிகள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பதிலாக அமர்த்தப்பட்ட இந்திய மாலுமிகள், லஸ்கர் என்று அழைக்கப்பட்டவர்கள், அவர்களும் மறுத்தார்கள். சிட்னியில் இந்தியர்களை வைத்துப் புறப்பட்டுவிட்ட ஒரு கப்பலை, சங்கத் தோழர்கள் விசைப்படகில் துரத்திப் போய் ஒலிபெருக்கியில் கூவி அழைத்தார்கள். கப்பலில் இருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள், கப்பல் திரும்பியது. அந்நிய மண்ணில், சொற்பச் சம்பளத்தில், வேலை போனால் ஊர் திரும்பக் காசில்லாதவர்கள் செய்த காரியம் இது. டச்சுக்காரரான யோரிஸ் ஐவன்ஸ் தம் அரசாங்கம் கொடுத்த பதவியை உதறிவிட்டு, 1946இல் இதைத் திரைப்படமாக எடுத்தார். ஆம்ஸ்டர்டாமிலும் படை அனுப்புவதை எதிர்த்து 1946இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள்.

இருந்தும் 1947 ஜூலையிலும் 1948 டிசம்பரிலும் இரண்டு பெரிய தாக்குதல்கள் நடந்தன. அதற்குப் 'போலீஸ் நடவடிக்கை' என்று பெயர் வைத்தார்கள். 1947 டிசம்பர் 9இல் ராவகெடே கிராமத்தில் ஆண்களை வரிசையில் நிறுத்திச் சுட்டார்கள். நேரு 1949 ஜனவரியில் டெல்லியில் ஆசிய நாடுகளைக் கூட்டிக் கண்டித்தார். உலகம் நெருக்கியது. 1949 டிசம்பர் 27இல் ஹாலந்து ஆட்சியை ஒப்படைத்தது.

எந்த நிபந்தனையில்? 400 கோடி கில்டருக்கும் மேற்பட்ட கடனைப் புதிய இந்தோனேஷியா ஏற்க வேண்டும். தங்களை அடக்க நடத்திய போரின் செலவும் அந்தக் கணக்கில் அடக்கம்! அடி வாங்கியவனே பிரம்புக்கும் விலை கொடுத்தான். ராவகெடேயில் கணவனை இழந்த பெண்களுக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்று ஹேக் நீதிமன்றம் சொன்னது 2011இல். 64 ஆண்டுகள் கழித்து. அந்தப் போரில் திட்டமிட்ட கொடுமைகள் நடந்ததற்காக டச்சுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2022இல். அதற்குள் அந்த விதவைகளில் பெரும்பாலோர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

தோழர்களே, ஒரு காலத்தில் விடுதலைக்காகப் போராடியவர்கள் என்பதாலேயே ஒரு நாடு என்றைக்கும் நியாயத்தின் பக்கம் நிற்கும் என்று நாம் நம்பிவிடக் கூடாது. எந்த நாட்டுக்கும் இது பொருந்தும், நம் நாட்டுக்கும் பொருந்தும். மேடையில் போர் முழக்கம் கேட்கும்போது, யாருக்கு லாபம், யார் தலையில் செலவு என்று நாம் கேட்போம். கேட்டதும் நின்றுவிடாமல், சிட்னியில் இறங்கிய அந்த மாலுமிகளைப் போலச் சேர்ந்து நிற்போம். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. நம் பிள்ளைகளுக்கு நாமாவது அவர்கள் கதையைச் சொல்லுவோம்.